காய்ச்சலுக்கு ஒரு செட்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கடலூர் மாவட்டத்தில் காய்ச்சலும் பிடித்துக்கொள்ளும். நெய்வேலியில் அதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் நகரியத்துக்குள் குடியிருக்கும் நிரந்தர ஊழியருக்கு அதன் பொது மருத்துவமனை இருக்கிறது, மருத்துவ விடுப்பும் இருக்கிறது. மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ இருந்துகொண்டு கட்டட வேலைக்கும் முந்திரித் தோப்புக்கும் நாள்கூலிக்குப் போகிறவருக்கு இருப்பது மருந்துக்கடை. "அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்பார். சளி இருக்கா, உடம்பு வலி இருக்கா என்று கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். பாராசிட்டமால் ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று, கூடவே ஓர் ஆன்டிபயாடிக். கத்தரிக்கோலால் அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, காலை இரவு என்று பேனாவால் எழுதித் தருவார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. மறுநாள் வேலைக்குப் போய்விடலாம்.

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்க மறுப்பதைப் பற்றிப் பேச வருகிற எவரும் முதலில் கூண்டில் ஏற்றுவது இந்த இருவரைத்தான். சீட்டில்லாமல் வாங்கியவர், சீட்டில்லாமல் விற்றவர். குற்றச்சாட்டு பொய்யில்லை. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் இவர்கள் முதல் குற்றவாளிகளாகத் தெரியவில்லை. என்ன கிருமி என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை அருகில் இல்லாததும், கழிவுநீரும் குடிநீரும் கலந்து கிடப்பதும் இவர்களைவிடப் பெரிய காரணங்கள். அவற்றை விட்டுவிட்டு நோயாளிக்கு அறிவுரை சொல்வது சுலபமாக இருக்கிறது, அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

முதலில், நடப்பது என்ன? "அந்த மாத்திரை எனக்குக் கேக்கல" என்று நாம் சொல்லும்போது, நம் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். மாறுவது உடம்பு இல்லை, கிருமி. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஏதோ சிலவற்றிடம் மருந்தைச் சிதைக்கும் நொதி இருக்கும்; வேறு சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும்; இன்னும் சில, மருந்து வந்து ஒட்டவேண்டிய இடத்தையே மாற்றி வைத்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இவை மட்டும் மிஞ்சிப் பெருகும். இதைவிடச் சிக்கலான சங்கதி பிளாஸ்மிட் எனப்படும் சின்ன மரபணு வளையம். மார்கழி மாதத்தில் கோல நோட்டு வீடு வீடாகப் போகுமே, அதுபோல ஒரு பாக்டீரியா இந்த வளையத்தின் படியை இன்னொன்றுக்குக் கொடுக்கிறது; கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். இரண்டும் ஒரே இனமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இந்த வித்தை மனிதனைவிடப் பழையது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011இல் கண்டார்கள். மண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்லத் தயாரித்த நஞ்சைத்தான் நாம் மருந்தாக எடுத்துக்கொண்டோம். நஞ்சோடு மாற்றும் அந்த மண்ணிலேயே இருந்தது. பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டின் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைக் காட்டினால் கிருமி அதற்குத் தேறிவிடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்கினார்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் நீண்ட பங்குண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த சில ஆண்டுகளிலேயே, அதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி தப்பிவிடும் என்று இங்கிலாந்தில் தெரிந்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றிலிருந்து தப்பியதை இன்னொன்று பிடிக்கும். இந்தக் கூட்டு மருத்துவத்தை ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பார்க்க 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது; சேத்துப்பட்டில் இன்றைக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொண்ட நோயாளிகளும், நெருக்கடியான வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமானார்கள் என்று 1959இல் அந்த மையம் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தை மாற்றிய ஆய்வு அது. அதே நாட்டில்தான் இன்று உலகின் பலமருந்து எதிர்ப்புக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். ஆய்வு பிழையில்லை. மருந்து விட்டுவிட்டுக் கிடைத்ததும், எதிர்ப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை வெகுகாலம் எட்டாமல் இருந்ததும்தான் பிழை.

டைஃபாய்டின் கதை இன்னும் தெளிவானது. 1972இல் கோழிக்கோட்டில் பரவிய டைஃபாய்டு, அன்றைய முதன்மை மருந்தான குளோராம்ஃபெனிகாலுக்கு அடங்கவில்லை. பிறகு வேறு மருந்துகள். 1990 வாக்கில் அவையும் கைவிட்டன. சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. விலை இறங்க இறங்க எல்லாக் காய்ச்சலுக்கும், எல்லாப் பேதிக்கும் சிப்ரோ என்றானது. இப்போது இந்திய டைஃபாய்டுக் கிருமிக்குச் சிப்ரோ ஏறக்குறைய வேலைக்காகாது. செஃப்ட்ரயாக்சோன் ஊசியும் அஜித்ரோமைசினும் தாங்கிப் பிடிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், யாரும் அதிகம் பயன்படுத்தாமல் விட்ட குளோராம்ஃபெனிகாலுக்கு இன்று பெரும்பாலான கிருமிகள் மறுபடி அடங்குகின்றன. எதிர்ப்பைச் சுமந்து திரிவது கிருமிக்கும் செலவுதான். தேவையில்லாதபோது சில கிருமிகள் அதை இறக்கி வைத்துவிடும். எல்லாக் கிருமியும் அப்படிச் செய்யும் என்று நம்பி உட்கார முடியாது.

2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையை இங்கே சொல்லாமல் விட முடியாது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து ஆய்வாளர். பெரும்பாலான மருந்துகள் தோற்றபின் கொடுக்கும் கார்பபெனெம் வகையையே சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி, சென்னையில் சேகரித்த 44 கிருமி மாதிரிகளிலும், ஹரியானாவின் 26இலும், பிரிட்டனின் 37இலும் இருந்தது. அந்தப் பெயரில் இருக்கும் 'என்டி' புதுதில்லியைக் குறிக்கும். முதலில் கண்டறியப்பட்ட நோயாளி அங்கே மருத்துவம் பார்த்துவிட்டு ஸ்வீடன் திரும்பியவர் என்பதால் வைத்த பெயர். தில்லி கொதித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் செய்த சதி என்றார்கள். ஊர்ப் பெயரை வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியரே பின்னர் வருத்தம் தெரிவித்தார். பெயருக்காக நடந்த சண்டையில் பாதி அளவு அக்கறை தரமணி ஆய்வகம் காட்டிய உண்மைக்குக் கிடைத்திருந்தால் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். மறு ஆண்டு வந்த ஆய்வு அதைவிட மோசமான சேதி சொன்னது: தில்லியில் தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய் நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் இருப்பதாக நினைத்தது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் வந்த எண்கள் இப்போது பலருக்கும் தெரிந்தவைதான். 2019இல் உலகில் 12.7 இலட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவாலேயே இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அதில் ஏறக்குறைய மூன்று இலட்சம் இந்தியாவில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்திவரும் கண்காணிப்பில் வேலூர் சிஎம்சியும் புதுவை ஜிப்மரும் பங்குபெறுகின்றன. சிறுநீர்த் தொற்றுக்கு முதல் காரணமான, இரத்தத் தொற்றிலும் அடிக்கடி காணப்படும் ஈ.கோலை கிருமியில், இமிபெனெம் என்ற கடைசி வரிசை மருந்துக்கு அடங்கியது 2017இல் 81 விழுக்காடு, 2023இல் 63. ஆறே ஆண்டில் இவ்வளவு சரிவு. பிறந்த குழந்தைகளின் இரத்தத் தொற்றில் நிலைமை இதைவிடக் கடுமை என்று தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு சொன்னது.

சரி, இதற்கெல்லாம் காரணம் நாம் ஆன்டிபயாடிக்கை அள்ளி விழுங்குவதா? 2010ஆம் ஆண்டுக் கணக்கில் உலகிலேயே அதிகம் பயன்படுத்திய நாடு இந்தியாதான்: சுமார் 1,290 கோடி மாத்திரை, ஊசி அலகுகள். ஆனால் தலைக்கு வகுத்தால் இந்தியருக்கு 10.7, அமெரிக்கருக்கு 22. பாதி விழுங்குகிற நமக்கு எதிர்ப்பு அதிகம், இருமடங்கு விழுங்குகிற அவர்களுக்குக் குறைவு. இந்த முரணை 2018இல் பீட்டர் காலிக்னன் குழுவினர் பல நாடுகளின் தரவுகளை வைத்து அலசினார்கள். எதிர்ப்பின் ஏற்றத்தாழ்வோடு நெருங்கிப் பொருந்தியது மருந்து நுகர்வு அல்ல. கழிப்பறை, குடிநீர், ஆட்சி நிர்வாகம் போன்றவை. மறு ஆண்டு 60 நாடுகளின் சாக்கடை நீரிலிருந்து மரபணுக்களை வாசித்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. மருந்து, எதிர்ப்பைத் தேர்ந்தெடுக்கிறது. சாக்கடை அதை வீடு வீடாகக் கொண்டுபோகிறது. திட்டம் போட்டுக் கட்டிய நகரியத்தின் வட்டங்களையும், அதைச் சுற்றி நெருங்கி வளர்ந்த குடியிருப்புகளின் திறந்த வடிகால்களையும் ஒருசேரப் பார்த்த நெய்வேலிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'கோர்ஸை முடிக்காமல் நிறுத்தியதால் வந்த வினை' என்ற வழக்கமான வசனத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டும். 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் குழு, பெரும்பாலான சாதாரணத் தொற்றுகளில் மருந்தை நீட்டிக் கொடுப்பதுதான் குடலிலும் தோலிலும் உள்ள மற்ற பாக்டீரியாக்களை எதிர்ப்புக்குத் தயார்படுத்துகிறது, சீக்கிரம் நிறுத்துவது அல்ல என்று வாதிட்டது. பல தொற்றுகளுக்குப் பத்து நாள் என்பது இன்று ஐந்து, மூன்று என்று சுருங்கியிருக்கிறது. காசநோய் இதற்கு விலக்கு, அதில் ஒரு நாளும் விடக்கூடாது. மற்றவற்றில் எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். அட்டையில் மீதி இருக்கிறதா என்பது சொல்லக்கூடாது.

மருத்துவருக்குத்தான் என்ன தெரியும்? கடலூர் மாவட்டத்து மழைக்காலக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். டெங்கு என்றால் வைரஸ், ஆன்டிபயாடிக் தண்டம். ஸ்க்ரப் டைஃபஸ் என்றால் டாக்சிசைக்ளின் உடனே வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எலிக்காய்ச்சல் வயலில் வேலை செய்கிறவருக்கு வரும். டைஃபாய்டு என்றால் வேறு மருந்து. முதல் மூன்று நாளில் நான்கும் ஒரே முகம்தான்: காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிவு. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது மருத்துவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறார். அதற்குப் படித்த பெயர் 'அனுபவ மருத்துவம்'. கடைக்காரரின் செட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம், நாம் நினைக்கிற அளவு இல்லை.

இந்த இருட்டை விலக்குவது கல்ச்சர் பரிசோதனை. இரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து, கிருமி வளரவைத்து, அதை ஒரு வட்டத் தட்டில் உள்ள அகர் கூழின் மேல் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவுகிறார்கள். அதன் மேல் பொட்டு அளவுக் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். இரவெல்லாம் 35 டிகிரி வெப்பத்தில் வைத்து மறுநாள் காலையில் எடுத்தால், தட்டு முழுக்கக் கிருமி வெளிறிய படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழும். அந்த வட்டத்தின் விட்டத்தை அளவுகோலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுவார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டி வளர்ந்திருக்கும். பெரிய ஆஸ்பத்திரி ஐசியுவில் எடுத்த தட்டுகளில் சில, வில்லைகள் அத்தனையும் இருந்தும் ஒரு வட்டமும் விழாமல் வரும். செலவு சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல். முடிவு வர இரண்டு மூன்று நாள். நாள்கூலிக்குப் போகிறவர் அதுவரை காத்திருப்பாரா? காத்திருக்கச் சொல்கிறவர் அந்த மூன்று நாள் கூலியைத் தருவாரா?

சட்டம் செய்தது என்ன என்பதும் பார்க்கவேண்டியது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற ஒன்றைத் தயாரித்தன. முன்னின்றவர் அப்பல்லோ மருத்துவமனையின் அப்துல் கஃபூர். மருத்துவரே இல்லாத ஊர்கள் இருக்கும் நாட்டில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரேயடியாகச் சீட்டுக்குள் அடைத்தால் நிமோனியா வந்த குழந்தை சாகும். முதலில் மேல்வரிசை மருந்துகளைக் கட்டுப்படுத்துவோம், பிறகு மெல்ல மெல்ல மற்றவை என்பதே அதன் நிலை. எனக்கு அது இன்றைக்கும் நியாயமாகப் படுகிறது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்-1 அட்டவணை ஏறக்குறைய அந்த வழியில் சென்றது: 24 ஆன்டிபயாடிக்குகளுக்கும் காசநோய் மருந்துகளுக்கும் சீட்டு கட்டாயம், கடையில் தனிப் பதிவேடு, மூன்று ஆண்டு பாதுகாப்பு. பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க மருந்து ஆய்வாளர் எத்தனை முறை வருகிறார் என்பதைக் கடைக்காரர்கள்தான் சொல்லவேண்டும். கேரளம் 2018இல் மாநில அளவில் தனித் திட்டம் போட்டது, சோதனைகள் நடத்தியது, விற்பனை 20 முதல் 30 விழுக்காடு குறைந்ததாக அம்மாநில அரசு சொல்கிறது. செய்யலாம் என்பதற்கு அது சான்று.

தடுப்பூசியை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. வராத டைஃபாய்டுக்கு மருந்து வேண்டாம். இந்தியாவிலேயே தயாராகும் டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி தனியாரிடம் காசு கொடுத்தால் கிடைக்கிறது. நவி மும்பை மாநகராட்சி 2018இலேயே தன் குழந்தைகளுக்கு இலவசமாகப் போட்டது. வேலூரின் நெரிசலான தெருக்களில் டைஃபாய்டு எவ்வளவு அதிகம் என்று சிஎம்சி ஆய்வாளர்கள் காட்டிவிட்டபின்னும் தமிழ்நாட்டு அரசின் தடுப்பூசி அட்டவணையில் இது ஏன் தயங்குகிறது என்பது புரியவில்லை.

மனித மருத்துவத்துக்கு வெளியே உள்ள பயன்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்காகக் கலந்த கொலிஸ்டின், மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான மருந்து. 2019இல் மத்திய அரசு கால்நடை, கோழிப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளைத் தெளிக்கும் பழக்கம் நம் வயல்களில் நெடுநாளாக உண்டு. மருந்து ஆலைக் கழிவு இன்னொன்று: 2007இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்தது. நோயாளியின் இரத்தத்தில் இருக்கவேண்டிய அளவைவிட அது அதிகம். ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்கு உச்சவரம்பு வைக்கும் வரைவை 2020இல் வெளியிட்ட மத்திய அரசு, 2021இல் இறுதி அறிவிப்பில் அந்த வரம்பைக் காணாமல் செய்துவிட்டது. சிப்காட் ஆலைகளின் வாடையோடு வாழும் கடலூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமான செய்தியாக இருக்காது.

புது மருந்து வரும் என்று காத்திருக்கலாமா? வருகிறது. சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபேக்டம் என்ற மூலக்கூறு, செஃபெபிமோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் கண்டுபிடித்த கம்பெனிகளே பிழைப்பதில்லை. பிளாசோமைசினுக்கு 2018இல் அனுமதி வாங்கிய அகயோஜென் மறு ஆண்டே திவாலானது. பத்திரப்படுத்தி, அரிதாகவே பயன்படுத்தவேண்டிய மருந்தை விற்று எப்படி இலாபம் பார்ப்பது? இன்னொரு பக்கம், இந்தியா உள்பட எட்டு நாடுகளில் கார்பபெனெமுக்கு அடங்காத தொற்று வந்த சுமார் 15 இலட்சம் பேரில் 6.9 விழுக்காட்டினருக்கே பொருத்தமான மருந்து கிடைத்ததாக 2025இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தேவையில்லாதவருக்கு மலிவாகவும் தேவையானவருக்கு எட்டாமலும் ஒரே நேரத்தில் இருக்கிறது மருந்து.

கடைசியாக, சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள நெய்வேலிக்கே உரிய கேள்வி ஒன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சவானா ஆற்றங்கரையில் நிலக்கரி மின்நிலையச் சாம்பல் குட்டைகளை ஆராய்ந்தவர்கள் 2005இல் ஒன்றைக் கண்டார்கள்: உலோகம் மிகுந்த அந்த நீரிலிருந்த பாக்டீரியாக்கள், ஆன்டிபயாடிக்கையே பார்க்காதிருந்தும் அதை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. பாதரசத்தைத் தாங்கும் மரபணுவும் ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களும் ஒரே துண்டில் ஒட்டியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. பாதரசம் இருக்கும் இடத்தில் பிழைக்கும் பாக்டீரியா, மற்றதையும் சேர்த்தே சுமக்கும். நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் நீரிலும் சாம்பலிலும் பாதரசம் இருப்பதாக 2023இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே விசாரணைக்கு எடுத்தது. அந்த விவாதம் இதுவரை நச்சுத்தன்மையைப் பற்றியே நடக்கிறது. எதிர்ப்பு மரபணுக்களையும் அதில் சேர்த்துப் பார்ப்பது பெரிய செலவில்லை. சாம்பல் குட்டை, சுரங்க நீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரி, அதன் பாசனத்தில் உள்ள வயல், நகரியத்தின் கழிவுநீர், மந்தாரக்குப்பத்து வடிகால் என்று சில இடங்களில் மழைக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்து, பாதரச அளவையும் எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து அளக்கலாம். ஒரு மணி நேரப் பயணத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, புதுவையில் ஜிப்மர் இருக்கிறது, என்எல்சியிடம் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அனல்மின் நிலையத்தின் காற்றும் நீரும் எட்டாத ஓர் ஊர்க் கிணற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் எடுக்கும் எண்களை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.